சக்கர வீட்டுக்கு ஒரு நல்ல இடம்

ஹியூஸ்டன், டெக்சாஸ்
ஜனவரி 9, 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

நானும் வண்டியும் உடையாமல் வந்து சேர்ந்துவிட்டோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். மற்றச் செய்தியெல்லாம் பிறகு.

மொன்றியலில் புறப்பட்டபோது வண்டியின் கூரையில் இருந்த பனிக்கட்டி டென்னசி வரைக்கும் என்னோடு வந்தது. அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் மொத்தமாகச் சரிந்து ஒரு மனிதரின் கோப்பிக்குள் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுப் புதுக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். இப்போது நான் அரைக்கைச் சட்டையோடு வெளியே கதிரை போட்டு இருந்து இதை எழுதுகிறேன். உங்களுக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன மாரிப் பனியில் கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடந்தபோது நான் செய்த சபதம் உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே ஆஸ்பத்திரிக்கு இரசம் கொண்டுவந்தீர்கள். நேர்ஸ் அதைத் தேத்தண்ணி என்று நினைத்துப் பால் விட்டுக் கொடுத்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி ஒரு மாரியும் எனக்கு அங்கே இல்லை.

இங்கே இந்தப் பெரிய நகரத்தைச் சுற்றி ஆர்.வி. பார்க்குகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. சக்கர வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தி, தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றையும் மாட்டிவிட்டால் குடும்பம் நடத்தலாம். மாரியில் இங்கே, கோடையில் ரொறன்ரோவில் மகள் சாம்பவி வீட்டு முற்றத்தில் என்று யோசித்திருக்கிறேன். நல்ல பார்க் ஒன்று அமைந்தால் கோட்-டெ-நெய்ஜ் அப்பார்ட்மென்டை விட்டுவிடலாம். புது வாடகை லீஸ் பற்றிய கடிதம் மாசியில், பெப்ரவரி பிறந்ததும், வரும். என்னுடைய வீட்டுத் திறப்பு உங்களிடம் இருக்கிறது. கடிதம் வந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். வேண்டாம் என்று ஒரு மாதத்துக்குள் நான் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.

சிக்கல் என்னவென்றால், எந்தப் பார்க் என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் சென்ட் லோரன்டில் விமான உதிரிப் பாகம் செய்தவன். அளவு கொடுத்தால் மயிரிழை பிசகாமல் வெட்டித் தருவேன். அளவே இல்லாத விஷயத்தில் எனக்கு மூளை வேலை செய்யாது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்ல இடம் பார்த்துத் தந்தவர் நீங்கள். இதையும் நீங்களே பார்த்துத் தரவேண்டும்.

என் சிவநேசம் இருந்திருந்தால் அவளே ஒன்றைக் காட்டி, "இஞ்சை நிப்பாட்டுங்கோ" என்றிருப்பாள். அவள் கண்ணை மூடி நாலு வருடம். இன்னும் வண்டியைத் திருப்பும்போது பக்கத்து இருக்கையைப் பார்த்து வழி கேட்கிறேன்.

அன்புடன்,
இரவிச்சந்திரன்


நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
ஜனவரி 13, 2025

அன்புள்ள இரவிச்சந்திரன் அண்ணைக்கு,

முழங்கால் இருக்கிறது. இன்றைக்கு இங்கே குளிர் மைனஸ் இருபத்தாறு. உங்கள் அரைக்கைச் சட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நேற்று மூன்று தரம் போன் எடுத்திருக்கிறீர்கள். இனி எடுக்காதீர்கள். காதுக் கருவி விசிலடிக்கிறது, நீங்கள் சொல்வதில் பாதியும் விளங்குவதில்லை. இப்படியே எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால், "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று பிறகு ஒருவரும் மாற முடியாது. கலியாணம் பேசிப் பேசி நான் கண்ட முதல் பாடம் அதுதான்.

தொழிலை விட்டு மூன்று வருடமாகிறது. இப்போது பிள்ளைகள் போனிலேயே ஆட்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள், புடவைக் கடையில் கூட அவ்வளவு வேகமாகத் தள்ளமாட்டார்கள். அப்படியிருக்க, ஓய்ந்து கிடந்த என்னிடம் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குச் சம்பந்தம் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பரவாயில்லை. பேசுவோம்.

ஆனால் ஒன்று. உங்கள் வீட்டோடு எனக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. சாம்பவிக்கு நான் கொண்டுவந்த ஒன்பது மாப்பிள்ளைமாரையும் அவள் வேண்டாமென்றாள். ஒருவருக்கு மூக்கு, ஒருவர் பொலிஸ்காரர் மாதிரி நடக்கிறார், ஒருவருடைய தமையனுக்குத் தாடி. தமையனின் தாடிக்கும் இவளுக்கும் என்ன? அப்போது உங்களிடம் சொன்னேன்: "அண்ணை, எல்லாத்துக்கும் குறை சொல்லுற பிள்ளைக்கு மனசிலை வேறை ஆள் இருக்கு." நீங்கள் சிரித்தீர்கள். நான் அவளைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக் கேட்டேன். பிரசாந் என்ற பெயர் அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு அந்தப் பிரசாந்தையே புது மாப்பிள்ளை போலச் சாதகத்தோடு உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்களும், "இது நல்ல இடம்" என்றீர்கள்.

மௌனம் சம்மதம் என்று கலியாணத்தை முடித்துவிடுகிற தரகர்கள் இருக்கிறார்கள். நான் அந்த ஆள் இல்லை. பெண்ணின் வாயால் கேட்காமல் ஒரு முடிச்சும் நான் போட வைத்ததில்லை.

இனி அலுவலுக்கு வருகிறேன். பார்க்கைப் பற்றிப் பார்க்கின் கந்தோரில், மனேஜரிடம், விசாரிக்காதீர்கள். மாப்பிள்ளை எப்படி என்று தாயிடம் கேட்டால் என்ன சொல்லுவாள்? அக்கம்பக்கத்தில் கேளுங்கள். உடுப்புத் தோய்க்கும் அறையில் போய் நில்லுங்கள், ஒரு இடத்தின் குணம் முழுவதும் அங்கேதான் தெரியும். முன்பு இருந்தவர்கள் ஏன் விட்டுப்போனார்கள் என்று கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் தரமும் போங்கள்.

உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டேன். மூன்று இலை விழுந்திருக்கிறது. அதைத் தவிர வீட்டில் ஒன்றும் மாறவில்லை.

அன்புடன்,
ஞானாம்பிகை


ஹியூஸ்டன்
ஜனவரி 21, 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். அதனால் ஒரு பார்க்கில் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

நகரத்துக்குக் கிழக்கே, எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளின் பக்கம் அந்தப் பார்க். உடுப்புத் தோய்க்கும் அறையில் போய் நின்றேன். உடுப்புக் கொண்டுபோக வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. ஒரு மணித்தியாலம் சும்மா நின்றிருப்பேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், மனேஜர் நல்ல குடும்பத்து ஆளா, குடிப்பாரா என்று விசாரித்தேன். அவள் வெளியே போனாள். மனேஜர் உள்ளே வந்தார்.

ஆள் கதவளவு உயரம். என்ன வேண்டும் என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் ஒரு இடத்தோடு சம்பந்தம் வைக்கமுதல் அந்த இடத்து ஆட்களின் குணநலத்தை வெளியில் விசாரிப்போம் என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தான் குடியை விட்டு ஆறு வருடம் என்றும், முதல் மனைவியோடு பிழை தன்னுடையதுதான் என்றும் சொல்லத் தொடங்கினார். கண் கலங்கிவிட்டது. நான் அவருக்குத் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு அந்தப் பார்க் பிடித்திருக்கிறது. காற்றில் எண்ணெய் மணம் வருவது உண்மைதான். எனக்கு அது ஃபாக்டரி மணம் மாதிரி இருந்தது. தோய்க்கும் அறைக்குப் படிகள் இல்லை, சரிவாகப் பாதை போட்டிருக்கிறார்கள். முழங்கால் நோவு உள்ள ஆட்களுக்கு வசதி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மேற்கே புதிதாக இன்னொன்று இருக்கிறது. அதையும் நாளை மறுநாள் போய்ப் பார்க்கிறேன். லீஸ் கடிதம் வந்ததா?

அன்புடன்,
இரவிச்சந்திரன்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
ஜனவரி 24, 2025

அன்புள்ள இரவிச்சந்திரன் அண்ணைக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. உடுப்பு இல்லாமல் உடுப்புத் தோய்க்கப் போன ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பாவம் அந்த மனேஜர்.

ஆனால் அந்த இடம் வேண்டாம். பெண் பார்க்கப் போன அன்றைக்கே எண்ணெய் மணக்கிற வீட்டில் போய் யார் சீவிப்பது? உங்களுக்குப் பழகிய மணமாக இருக்கலாம். வருகிற போகிற மற்றவர்களும் இருக்கிறார்களே.

மேற்கே உள்ளதைப் பற்றி: அது எப்போது திறந்தது என்று கேளுங்கள். நாள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சாதகம் இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

லீஸ் கடிதம் இன்னும் இல்லை. மாசி பிறக்கட்டும்.

அன்புடன்,
ஞானாம்பிகை


ஹியூஸ்டன்
பெப்ரவரி 3, 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

பார்க் பிறந்த நேரம் கிடைத்துவிட்டது. கந்தோரில் இருந்த பிள்ளை முதலில் என்னை ஏதோ வரி இலாகா ஆள் என்று நினைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த திறப்பு விழாப் படத்தைக் காட்டினாள். ஒரு பெரிய கத்தரிக்கோலோடு நாலு பேர் நிற்கிறார்கள், பின்னால் மணிக்கூடு தெரிகிறது. காலை பத்து இருபது. திகதி கீழே எழுதியிருந்தது. இரண்டையும் படம் எடுத்து இத்தோடு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குக் கணிக்க வசதியாக இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் எழுதியிருக்கிறேன்.

இடம் சுத்தம். எல்லாம் சீமெந்து. வண்டியை நீர்மட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவிலேயே நின்றது. அப்படியொரு மட்டத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

வடக்கே பைன் மரக் காட்டுக்குள்ளும் ஒன்று பார்த்தேன். அமைதி. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பின்னேரங்களில் எல்லாரும் சோடி சோடியாக நடக்கப் போகிறார்கள். நான் ஒருநாள் தனியாக நடந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு சோடியும் நின்று, நாய் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை, நான் மட்டும்தான் என்றேன்.

இரண்டில் எது?

அன்புடன்,
இரவிச்சந்திரன்

பி.கு.: வண்டிக்குள் ஏறும் படி உயரம் என்று பட்டது. கீழே இன்னொரு படி செய்து பொருத்திவிட்டேன். யாராவது வந்தால் உதவும்.


நோத்ர-டாம்-த-கிரேஸ்
பெப்ரவரி 8, 2025

அன்புள்ள இரவிச்சந்திரன் அண்ணைக்கு,

மேற்குப் பார்க்கின் சாதகத்தைக் கணித்தேன். மூல நட்சத்திரம்.

இனி நான் சொல்லவும் வேண்டுமா? ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம். பார்க் ஆணா பெண்ணா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்தேன். நம்முடைய ஊர்ப் பிரெஞ்சில் பார்க் ஆண்பால்தான், கீழ்வீட்டுப் பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்தேன். ஆனால் டெக்சாஸில் பிரெஞ்சு செல்லாது. சந்தேகம் உள்ள இடத்தில் கை வைக்கக் கூடாது. அந்த இடம் வேண்டாம்.

பைன் மரக் காடும் சரிவராது. காற்றடித்தால் மரம் விழும். மரம் விழாவிட்டாலும் அந்த ஊசி இலை கூரையில் விழுந்து தண்ணீர் போகிற ஓட்டையை அடைக்கும். அதோடு, எல்லாரும் சோடியாக நடக்கிற இடத்தில் தனி ஆளுக்கு என்ன வேலை?

லீஸ் கடிதத்தைப் பற்றிக் கேட்கப்போகிறீர்கள். கறிவேப்பிலை புதுத் துளிர் விட்டிருக்கிறது. நான் கூட எதிர்பார்க்கவில்லை. யன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இங்கே நேற்று முழங்கால் உயரப் பனி. பஸ் வரவில்லை. நடந்துதான் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

அன்புடன்,
ஞானாம்பிகை


ஹியூஸ்டன்
பெப்ரவரி 17, 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

கறிவேப்பிலைக்காக அந்தப் பனிக்குள் நடக்காதீர்கள். செத்தால் சாகட்டும். வேறு கன்று வாங்கலாம். நீங்கள் விழுந்தால் இரசம் கொண்டுவர நான் கூட அங்கே இல்லை.

இடம் கிடைத்துவிட்டது அக்கா. இதற்கு மேல் ஒன்று இனிக் கிடைக்காது. நகரத்துக்குத் தெற்கே. நடுவில் ஒரு குளம், குளம் நிறைய வாத்து. காலையில் கதவைத் திறந்தால் எல்லாம் வரிசையாக வந்து வாசலில் நிற்கின்றன, கந்தோர் திறக்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கின்றன. கோயில் காரில் இருபது நிமிடம். வெள்ளிக்கிழமை போனேன், சாம்பாரும் தயிர்ச்சாதமும் கொடுத்தார்கள். நமது ஆட்களும் சிலர் வருகிறார்கள். மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பச்சையாகவே கிடக்கிறது. காது வைத்தியர் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார் என்றும் கேட்டுவைத்தேன்.

அடுத்த வண்டியில் நோர்மன் என்று ஒருவர், நம்முடைய மாகாணத்து ஆள், ட்ருவா-ரிவியேர்காரர். டெக்சாஸில் பிரெஞ்சு கதைக்க ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் முதல் நாளே எனக்குப் பட்டாணி சூப் கொண்டுவந்து தந்தார். உப்பில்லை. நான் மாங்காய் ஊறுகாய் கொடுத்தேன். இரண்டு நாளாக ஆளைக் காணவில்லை, பிறகு வந்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

கந்தோரில் ஒரு வருடத்துக்கு எழுதிக்கொள்ளத் தயார் என்கிறார்கள். உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

மேல்மாடி விமலநாதன் எழுதியிருந்தார். கட்டடத்தில் எல்லாருக்கும் லீஸ் கடிதம் இரண்டு கிழமைக்கு முன்பே வந்துவிட்டதாம், கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போனார்களாம். என்னுடையது மட்டும் எங்கே?

அன்புடன்,
இரவிச்சந்திரன்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
பெப்ரவரி 21, 2025

அன்புள்ள இரவிச்சந்திரன் அண்ணைக்கு,

வாத்து விடிய நாலு மணிக்குக் கத்தும். வாத்து நிற்கிற இடத்தில் கால் வைக்க முடியாது, எல்லாம் எச்சம். குளம் என்றால் நுளம்பு. நுளம்பு கடித்தால் காய்ச்சல். அங்கே முதலையும் உண்டு என்று டிவியில் பார்த்தேன். வாத்து இருக்கிற குளத்துக்கு முதலை வராமல் என்ன செய்யும்?

குளம் வண்டிக்கு மேற்கேயா கிழக்கேயா என்று நீங்கள் எழுதவே இல்லை. மேற்கே என்றால் கூடாது. கிழக்கே என்றாலும் யோசிக்க வேண்டும்.

அந்தப் பட்டாணி சூப் மனிதரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் விட்டுவிட்டு உடனே வராமல் உங்கள் சமையலறைக் கதிரையில் சிறிது நேரம் இருந்தேன். வெப்பக் குழாய் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருடம் ஆட்கள் சீவித்த வீடு அது. சாம்பவியைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக் கேட்டேன் என்று எழுதினேனே, அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். நீங்கள் அதை அவ்வளவு இலேசாக விடுவீர்கள் என்றால் விடுங்கள். நான் யார் சொல்ல?

கடிதங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கண் சரியாகத் தெரிவதில்லை.

ஞானாம்பிகை


ஹியூஸ்டன்
மார்ச் 1, 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை ஒரு கிழமையாக வைத்துக்கொண்டிருந்தேன். அன்புடன் என்று எழுதாமல் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நோர்மன் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். ஒரு பார்க்கும் சரியில்லை என்று மொன்றியலில் உள்ள ஒரு அம்மா சொல்கிறார் என்றேன். கிழக்கே மணம், மேற்கே நட்சத்திரம், வடக்கே மரம், தெற்கே வாத்து என்று எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னேன். நட்சத்திரத்தைச் சொல்லத்தான் கஷ்டப்பட்டுவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, "இந்த அம்மாவுக்கு எந்த இடமாவது பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஊறுகாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மெதுவான ஆள் அக்கா. பிரசாந்தையே சாதகத்தோடு கொண்டுவந்தபோது புது மாப்பிள்ளை என்று நம்பினவன். ஆனால் உங்கள் ஜனவரிக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். எல்லாத்துக்கும் குறை சொல்லுற பிள்ளைக்கு மனசிலை வேறை ஆள் இருக்கு என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் இருக்கிறது. நீங்கள் இனி மாற முடியாது.

பிழையாக விளங்கியிருந்தால் மன்னியுங்கள். சமையலறைக் கதவைச் சாத்திக் கேட்க நான் அங்கே இல்லை. அதனால் இங்கேயிருந்தே கேட்கிறேன். உங்கள் கணவர் காலமான பிறகு நீங்களும் தனி, நானும் தனி. இனி உள்ள காலம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தால் என்ன? நான் தனியாக நடந்தால் நாய் தொலைந்துபோன ஆளைப்போலத்தான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வராத நாள் எனக்கு ஒரு நாளாகவே படுவதில்லை. இதைச் சிவநேசத்துக்குத் தெரியாமல் எழுதவில்லை. அவளுடைய படத்துக்கு முன்னால் இருந்துதான் எழுதுகிறேன். அந்த நாளில் நீங்கள் வந்தால் அவள்தான் முதலில் தேத்தண்ணி வைப்பாள், உங்களுக்குத் தெரியும்.

சாம்பவியிடமும் கேட்டேன். "அப்பா, இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு டெக்சாஸ் வரைக்கும் போகவேண்டி இருந்ததோ?" என்றாள்.

பதில் எழுதக் கூச்சமாக இருந்தால் எழுத வேண்டாம். நம்முடைய மாகாணத்தில் லீஸுக்கு எப்படியோ அப்படியே வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
இரவிச்சந்திரன்


ஹியூஸ்டன்
மார்ச் 12, 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

பதில் வரவில்லை. நானே போட்ட கணக்குப்படி எனக்கு இப்போது சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

கியூபெக்கில் மௌனம் சம்மதம் என்று நோர்மனிடம் சொன்னேன். அது வீட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும்தான், தன்னுடைய மனைவி மௌனமாக இருந்தால் வண்டிக்கு வெளியேதான் தனக்குப் படுக்கை என்கிறார்.

பார்க் கந்தோரில் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள். நான் என்ன சொல்ல? நீங்கள் வேண்டாம் என்றே எழுதினாலும் பரவாயில்லை. எழுதுங்கள். வாத்துகளுக்குக் கூட என் முகம் பிடிக்கவில்லை, இரண்டு நாளாக நோர்மன் வாசலில்தான் நிற்கின்றன.

இரவிச்சந்திரன்


நோத்ர-டாம்-த-கிரேஸ்
மார்ச் 13, 2025

அன்புள்ள இரவிச்சந்திரனுக்கு,

மேலே உங்கள் பெயருக்குப் பின்னால் வழக்கமாக வருகிற சொல் இல்லை. கை தவறி விடுபட்டதல்ல. நீங்களும் அந்த அக்காவை விடுங்கள். உங்களைவிட நான் மூன்று வயது இளையவள். இருபது வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் ஏன் பிந்தியது என்று சொல்கிறேன். இந்தச் சம்பந்தத்தில் பெண் வீட்டுக்கும் தரகர் நான்தான், மாப்பிள்ளை வீட்டுக்கும் தரகர் நான்தான். விசாரிக்காமல் எப்படிப் பதில் எழுதுவது? அதனால் உங்களைப் பற்றி விசாரித்தேன். உங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் மூன்று பின்னேரம் நின்றேன். நான் உடுப்பும் கொண்டுபோனேன்.

கிடைத்த தகவல் இது. ஆள் காலையில் வானொலியைச் சத்தமாக வைக்கிறார். மற்றவர்கள் மெஷினில் மறந்துபோன உடுப்பை எடுத்து மடித்து வைப்பார், தன்னுடையதை மறந்து விட்டுவிட்டுப் போவார். ஒரு காலுறை எப்போதும் தனியாகக் கிடக்கும். கோபம் வராது. விமலநாதனின் தண்ணீர்க் குழாயை ஒரு சதமும் வாங்காமல் திருத்திக் கொடுத்திருக்கிறார், ஆனால் எப்படித் திருத்தினார் என்று ஒன்றரை மணித்தியாலம் விளக்கியிருக்கிறார். மொத்தத்தில் குறை சொல்ல இடமில்லை. காலுறை ஒன்றுதான்.

என்னைப் பற்றி நீங்கள் ஒருவரிடமும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆகவே நானே சொல்கிறேன். உங்கள் லீஸ் கடிதம் பெப்ரவரி முதலாம் திகதியே வந்துவிட்டது. என் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிடுவீர்கள் என்ற பயத்தில் அனுப்பவில்லை. கறிவேப்பிலை துளிர்த்தது மட்டும் உண்மை. மாதமும் கடந்துவிட்டது. இன்னும் ஒரு வருடத்துக்கு நீங்கள் கோட்-டெ-நெய்ஜ்காரர்தான். வாடகையைக் கூட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி என்னைத் திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள், காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

நீங்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை நான் முதல் பார்க்கிலேயே கண்டுபிடித்துவிட்டேன். படியில்லாத பாதை, தாழ்த்திய படி, காது வைத்தியர். உங்களுக்கு முழங்கால் நோவு இல்லை. காதும் நன்றாகக் கேட்கும். ஆனால் நீங்கள் வாய் திறந்து கேட்கவில்லையே. ஒருவர் கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? அதுவரைக்கும் பார்க்குகளில் குறை பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மேற்குப் பார்க் மூல நட்சத்திரமும் இல்லை. நல்ல ரோகிணி.

போன ஞாயிறு மகன் றூபன் லவாலில் இருந்து வந்தபோது, ஒரு கலியாணம் பேசிவந்திருக்கிறது என்றேன். "ஆருக்கம்மா?" என்றான். எனக்கு என்றேன். எழும்பிப் போய்க் காரில் இருந்தான். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வந்து, "அந்த வண்டிக்குள்ளை கக்கூஸ் இருக்கோ?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். சரி என்றான். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

சனம் கதைக்கும். கதைக்கட்டும். அவர்கள் வீட்டுக் கலியாணங்களில் நடந்தது முழுவதும் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஆகவே நாளைக்குக் கந்தோரில் போய், அடுத்த மாரிக்கு அந்த வாத்துக் குளத்து இடத்தை எழுதிக்கொள்ளுங்கள். குளம் மேற்கே இருந்தாலும் பரவாயில்லை. எழுதிவிட்டு, பங்குனி முடிய முன்பு புறப்பட்டு வாருங்கள். மெட்ரோ வாசலில் ஐஸ் கரைந்துவிட்டது, நானே போய்ப் பார்த்தேன். மாரியில் அங்கே இருப்போம், கோடையில் இங்கே இருப்போம். சிவநேசத்தின் படம் இரண்டு இடத்துக்கும் எங்களோடு வரும்.

பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வீட்டுச் சொந்தக்காரருக்குச் சரி, அவருக்கு நான் மௌனத்தைத்தான் கொடுத்தேன். ஆனால் பெண்ணின் வாயால் கேட்காமல் நான் ஒரு கலியாணமும் முடித்ததில்லை. இன்று காலை என் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் கேட்டேன்.

அவளுக்குச் சம்மதம்.

அன்புடன்,
ஞானாம்பிகை

பி.கு.: வாத்துகளுக்குச் சோறு போட்டுப் பழக்காதீர்கள். நான் வந்து போடுகிறேன்.